ஹூஸ்டனில் சூலம் பார்த்து நான்கு நாள்

ஊரிலிருந்து வந்த சித்தப்பா விமானத்திலேயே பட்டியல் போட்டு முடித்திருந்தார். காலையில் நாசா, மதியம் மியூசியம், சாயங்காலம் மீனாட்சி கோவில், இருட்டியதும் பாலத்தடி வௌவால். "மேப்புல பாத்தேன்டா, எல்லாம் ஒரு சாண்தான்" என்றார். அந்தச் சாணுக்குள் அன்றைக்கு நாங்கள் காரிலேயே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வௌவாலைப் பார்க்கவே இல்லை.

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் ஏறத்தாழ 1,650. ஆனால் மக்கள்தொகை 23 லட்சம்தான். இங்கே கடை, இங்கே வீடு, இங்கே ஆபீஸ் என்று பகுதி பிரித்து வைக்கும் நகரமைப்புச் சட்டம் இல்லாத அமெரிக்க நகரங்களில் இதுதான் பெரியது. அதனால் பார்க்க வேண்டியவை ஒரு மையத்தைச் சுற்றி இருக்காது, எட்டுத் திக்கிலும் சிதறிக் கிடக்கும். இந்த ஊருக்கு நம் வீட்டுப் பெரியவர்களின் சூலம் பார்க்கும் பழக்கம்தான் சரி. இன்ன கிழமைக்கு இன்ன திசை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒரு திசைக்கு மேல் போகாதீர்கள்.

முதலில் மாதம், பிறகு கிழமை

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை, அல்லது பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் வரை வரலாம். ஜூலை, ஆகஸ்ட் வெயில் அசல் மெட்ராஸ் வெயில், அதே புழுக்கம். உள்ளே நுழைந்தால் ஏசி நடுக்கும், எந்த மாதம் வந்தாலும் ஒரு சால்வை கையில் இருக்கட்டும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஊரையே குளமாக்கியது. புயல் இல்லாவிட்டாலும் ஒரு மணி நேர மழையில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கிவிடும். தேங்கிய தண்ணீரைக் கண்டால் காரைத் திருப்புங்கள், ஆழம் பார்க்க வேண்டாம்.

இரண்டு சமயங்களில் அறை வாடகை ஏறும். மார்ச்சில் மூன்று வாரம் நடக்கும் ரோடியோ ஒன்று, மே முதல் வாரத்தையொட்டி வரும் கடல் எண்ணெய்த் துறை மாநாடு இன்னொன்று. ரோடியோ பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அது வேறு கதை.

கிழமை என்று கேட்டால் வியாழன் முதல் ஞாயிறு வரை என்பேன். வியாழக்கிழமை நுண்கலை அருங்காட்சியகத்தில் பொது நுழைவு இலவசம், இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். திங்கள், செவ்வாயில் அதுவும் மூடல், மெனில் கலைக்கூடமும் மூடல். டவுன்டவுன் ஓட்டல்கள் ஆபீஸ்காரர்களை நம்பி நடப்பவை, வெள்ளி, சனி இரவுகளில் பெரும்பாலும் வாடகை இறங்கும். நாசாவுக்குச் சனிக்கிழமை போனால் பள்ளிக் குழந்தைகளோடு வரிசை, வெள்ளி தேவலை.

அறையும் காரும்

தங்குவது டவுன்டவுனிலோ மியூசியம் டிஸ்ட்ரிக்ட் பக்கமோ இருக்கட்டும். புறநகரில் மலிவாகக் கிடைக்கும், மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலும் நேரமும் தின்றுவிடும். முன்பதிவுத் தளத்தில் பார்க்கும் வாடகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஓட்டல் அறைக்கு வரி மட்டும் 17 சதவீதம். 150 டாலர் அறை, பில்லில் 175 டாலர் 50 சென்ட் ஆகிவிடும். கார் நிறுத்தத் தனிக்காசு. சாப்பாட்டு பில்லில் 8.25 சதவீத விற்பனை வரியும், அதற்கு மேல் நீங்களாக வைக்கும் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதமும் சேரும்.

கார் இல்லாமல் இந்த ஊரைப் பார்க்க முடியாது. ஆனால் விமானம் இறங்கியதுமே எடுக்காதீர்கள். முதல் நாளுக்கு ரெட் லைன் ரயிலே போதும், ஒரு பயணத்துக்கு 1.25 டாலர். இரண்டு விமான நிலையங்களுக்கும் அந்த ரயில் போகாது, அங்கிருந்து அறைக்கு மட்டும் டாக்ஸியோ ஊபரோ பிடியுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் டவுன்டவுனிலேயே வாடகைக் கார் எடுத்தால் ஒரு நாள் வாடகையும் ஒரு ராத்திரி பார்க்கிங்கும் மிச்சம்.

சுங்கச்சாலை விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. இங்கே சுங்கச்சாவடியில் கை நீட்டிக் காசு வாங்க ஆள் கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும். ஐந்து டாலர்கூட வராத சுங்கத்துக்கு ஒரு வாடகைக் கார் நிறுவனம் சேவைக் கட்டணம் என்று அதைப்போல் பல மடங்கு என் கார்டில் பிடித்தது. போன் வரைபடத்தில் 'சுங்கம் தவிர்' என்பதை முதலிலேயே தட்டிவிடுங்கள். இன்னொன்று, ஃப்ரீவேயில் எக்ஸிட் தவறிவிட்டால் பதற வேண்டாம். பக்கத்திலேயே இணையாக ஓடும் சாலையை இங்கே ஃபீடர் என்பார்கள். அடுத்த எக்ஸிட்டில் அதில் இறங்கினால், பாலத்தடியில் யூ-டர்னுக்கென்றே தனி வழி இருக்கும்.

வியாழன்: நடுவூர்

வியாழன் தெற்கே சூலம். இன்று தூரம் போக வேண்டாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டவுன்டவுன் நடைபாதையில் நின்று பாருங்கள். வானளாவிய கட்டடங்கள், கீழே ஈ காக்காய் இல்லை. ஏதாவது கலவரமா என்று சித்தப்பா கேட்டார். எல்லோரும் காலடியில் இருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறக்குறைய இருபது அடி ஆழத்தில், கட்டடத்துக்குக் கட்டடம் ஆறு மைல் நீளத்துக்குச் சுரங்க நடைபாதை ஓடுகிறது. சாப்பாட்டுக் கடை, முடிதிருத்தும் கடை, செருப்புக்கு பாலிஷ் போடும் இடம், எல்லாம் அங்கே. வாசலில் பெரிதாகப் பலகை எதுவும் தொங்காது. ஏதாவது ஆபீஸ் கட்டட வரவேற்பில் கேட்டால் எஸ்கலேட்டரைக் காட்டுவார்கள். சனி, ஞாயிறு இது பூட்டிக் கிடக்கும், வார இறுதியில் மட்டும் வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பிறகு ரயிலேறி மியூசியம் டிஸ்ட்ரிக்ட். பத்தொன்பது, இருபது அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, அத்தனையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். குழந்தைகள் கூட இருந்தால் இயற்கை அறிவியல் மியூசியத்து டைனோசர்கள், இல்லையென்றால் என் ஓட்டு மெனிலுக்கு. 1987இல் ரென்சோ பியானோ கட்டிய கட்டடம், நுழைவு இலவசம், என்றைக்குப் போனாலும் கூட்டம் இராது. பக்கத்தில் ராத்கோ சேப்பல். பதினான்கு ஓவியங்கள், எல்லாம் வெறும் கறுப்பு என்றுதான் முதலில் தோன்றும். பெஞ்சில் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மேகம் விலகிக் கூரை வழியே வெளிச்சம் மாறும்போது கறுப்புக்குள்ளிருந்து கத்தரிப்பூ நிறம் மெல்ல எழும்பும். படம் எடுக்க அனுமதி இல்லை. இரண்டையும் முடித்துவிட்டு, இலவச நேரம் இருக்கும்போதே நுண்கலை அருங்காட்சியகத்துக்குத் திரும்புங்கள்.

வெள்ளி: தென்கிழக்கே நாசா, திரும்பும்போது மீனாட்சி

டவுன்டவுனிலிருந்து 25 மைல். ஸ்பேஸ் சென்டர் ஹூஸ்டன் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். டிக்கெட்டை முன்னதாக வாங்கும்போது பழைய மிஷன் கண்ட்ரோல் அறைக்குத் தனியாக இடம் உண்டா என்று பாருங்கள். நுழைவுச்சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு நேரே போய் நின்றால் கிடைக்காமல் போகலாம்.

அந்த அறைக்கு 87 படி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அன்றைய பார்வையாளர் நாற்காலிகள். அந்தப் பக்கம் 1969 ஜூலை. அப்பல்லோ 11 நிலாவில் இறங்கியதன் ஐம்பதாம் ஆண்டான 2019இல் அறையை அன்றிருந்தபடியே மீட்டு வைத்தார்கள். சிகரெட் சாம்பல் தட்டு, காபிக் கோப்பை, கோப்புகள் எல்லாம் அந்தக் காலத்துச் சாமான்களாகத் தேடிப் பிடித்தவை. நிலாவில் இறங்கியதும் ஆம்ஸ்ட்ராங் கூப்பிட்ட ஊர்ப்பெயர் ஒலித்த அறை இது.

டிராமில் அடுத்த நிறுத்தம் ராக்கெட் பார்க். 363 அடி சாட்டர்ன் 5 ராக்கெட், கொட்டகைக்குள் படுத்திருக்கிறது. உலகில் மிஞ்சியிருப்பவை மூன்று. அவற்றில் பறப்பதற்கென்றே தயாரித்த பாகங்களால் மட்டும் ஆனது இது ஒன்றுதான். நிலாப் பயணங்கள் ரத்தானதால் போகாமல் நின்றுவிட்டது. அடிப்பக்கத்து ஐந்து எஞ்சின்களிலிருந்து தொடங்கி நுனி வரை மெதுவாக நடங்கள். மனிதர்கள் உட்காரும் இடம் கடைசியில்தான் வரும், அதன் சிறுமையைப் பார்த்துச் சித்தப்பா பேசாமல் நின்றுவிட்டார்.

சாயங்காலம் டவுன்டவுனுக்குத் திரும்பாமல் அப்படியே பேர்லேண்டுக்குக் காரை விடுங்கள். மதுரையை மனதில் வைத்து எழுப்பிய மீனாட்சி கோவில், 1982இல் கும்பாபிஷேகம் ஆனது. அமெரிக்கப் புறநகர் வீடுகளுக்கு நடுவே வளைவு திரும்பியதும் கோபுரம் தெரியும். வெள்ளிக்கிழமை, அம்மன் சந்நிதியில் கூட்டம் இருக்கும். நடை சாத்தும் நேரத்தை முன்னதாகப் பார்த்துக்கொண்டு போங்கள்.

சனி: மேற்கே சாப்பாடு

சனி கிழக்கே சூலம், நாம் போவது மேற்கு. தென்மேற்கே ஹில்கிராஃப்ட் வட்டாரத்துக்கு 2010இல் மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் வைத்தார்கள். புடவைக்கடை, நகைக்கடை, தோசை எல்லாம் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே பெரிய வேலை இல்லை என்பது என் கட்சி. இன்னும் மேற்கே பெல்லேர் புலவார்டுக்குப் போங்கள், தெருப்பெயரே வியட்நாம் மொழியிலும் எழுதியிருக்கும். கிராஃபிஷ் என்பது சின்னச் சிங்கி இறால் போன்ற நன்னீர்ப் பிராணி. லூசியானாக்காரர்கள் மசாலாத் தண்ணீரில் வேகவைப்பதை, இங்குள்ள வியட்நாமியர்கள் எடுத்துப் பூண்டும் வெண்ணெயுமாகப் புரட்டிவிட்டார்கள். பவுண்டுக் கணக்கில் தட்டில் கொட்டுவார்கள். தலையைத் திருகி, வாலைப் பிதுக்கி, விரலை நக்கிச் சாப்பிட வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை நன்றாகக் கிடைக்கும்.

சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மெக்சிகன் உணவகத்தில் பீன்ஸும் சோறும் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பும் சோற்றில் கோழிச்சாறும் இருப்பது சகஜம். "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் கொழுப்பு இறைச்சி அல்ல. கொழுப்பையும் சாற்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

மாலையில் பஃபலோ பயூ பூங்கா. நிலத்தடியில் 1926இல் கட்டிய குடிநீர்த் தொட்டி, 221 தூண்கள், தரையில் மெல்லிய தண்ணீர். டிக்கெட் எடுத்து வழிகாட்டியோடுதான் இறங்க முடியும். உள்ளே ஒரு குரல் கொடுத்தால் எதிரொலி 17 விநாடி நிற்கும். ஏறி வந்து, சூரியன் சாய்வதற்குக் கால்மணி முன்பே வாஃ பாலத்தருகே நில்லுங்கள். முதலில் நாற்றம் வரும், அதுதான் சரியான இடம். பிறகு பாலத்துக் கான்கிரீட் இடுக்கிலிருந்து புகை கிளம்புவது போல வௌவால்கள் கிழக்கே நெளிந்து போகும். வருடம் முழுக்க இங்கேயே இருப்பவை, ஆனால் குளிரிலும் மழையிலும் வெளியே வராது.

ஞாயிறு: கடல், பிறகு விமானம்

இன்னும் தெம்பிருந்தால் தெற்கே 50 மைலில் கால்வெஸ்டன். கடற்கரையைவிட எனக்குப் பிடித்தது பொலிவருக்குப் போகும் படகு. காரோடு ஏறலாம், காசு கிடையாது, பக்கவாட்டில் டால்பின்கள் கூட வரும்.

கிளம்பும் முன் டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று இன்னொரு முறை பாருங்கள். வடக்கே ஐஏஎச், தென்கிழக்கே ஹாபி, நடுவே முழு ஊர். ஹாபி என்றால் கால்வெஸ்டனிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது, பெட்டிகளைக் காலையிலேயே டிக்கியில் ஏற்றிவிடலாம். ஐஏஎச் என்றால் கால்வெஸ்டனை விட்டுவிட்டு அறையிலேயே தூங்குங்கள்.