இரண்டு ஊசியும் தவறவேண்டாம்!



தொப்புள்கொடிப் புண் வழியே ரண ஜன்னிக் கிருமி புகுந்தால் பச்சிளங்குழந்தையால் பால் குடிக்க முடியாது. உடல் விறைத்து உயிர் போகும். கர்ப்பிணி தடுப்பூசி போட்டுக்கொண்டால் எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்கும் சேரும். ஊசியாலும் சுத்தமான பிரசவத்தாலும் இந்தியா 2015-இல் இந்நோயை அடக்கியது. கிருமியோ இன்னும் மண்ணில் இருக்கிறது.

எப்போது போடுவது?

கர்ப்பம் தெரிந்தவுடன் முதல் ஊசி. நாலு வாரம் கழித்து இரண்டாவது. இரண்டும் போட்டு மூன்று வருடத்துக்குள் மறுபடி கர்ப்பமானால் ஒன்று போதும். இப்போதைய ஊசி தொண்டை அடைப்பானையும் தடுக்கும். கை வலி, லேசான காய்ச்சல் வந்தால் ஓரிரு நாளில் சரியாகும். பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

எங்கே தவறுகிறது?

தாய்வீடு போகையில் அட்டை இங்கே, ஆள் அங்கே! அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் இலவசமாகப் போடுவார்கள்.

வீட்டுக்காரரே, ஊசித் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அது பௌர்ணமியில் விழுந்தால், கிரிவலக் கூட்டத்தில் வேங்கிக்காலில் பஸ் ஏறுவது கஷ்டம். அடுத்த ஊசி நாள் எதுவென்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே கேளுங்கள். ஒருநாள் கூலி போனாலும் கூடவே போங்கள்.

மாதம் ஏறிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஒன்பதாம் மாதத்திலும் போடலாம்.

தாய்க்கு ஊசி, சேய்க்குக் காப்பு!