ஐம்பதும் மூன்றும்: ஒரு தப்புக் கணக்கு

"அமெரிக்கா வாங்குவது 3 சதவீதம், இந்தியா வாங்குவது 50 சதவீதம். அநியாயம் நம்முடையதுதான்." 2025-ல் அமெரிக்க வரி நம் தலையில் விழுந்ததிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியிலும் சொல்கிறார்கள். சுங்க முகவர் தொழிலில் வருடக்கணக்காக பில் ஆஃப் என்ட்ரி போட்டவன் சொல்கிறேன்: எண்கள் நிஜம், கணக்குதான் பொய்.

நம்பிக்கை: இந்தியா சராசரியாக 50 சதவீத இறக்குமதி வரி வாங்குகிறது.

உண்மை: இல்லவே இல்லை. 50.8 சதவீதம் என்பது உலக வர்த்தக அமைப்பில் இந்தியா எழுதிக்கொடுத்த உச்சவரம்புகளின் சராசரி. பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி. மாதிரி, அதற்கு மேல் வாங்கக் கூடாது, கீழே எவ்வளவு குறைத்தாலும் கேட்பாரில்லை. 2023-ல் இந்தியாவின் நடைமுறை வரி விகிதங்களின் சராசரி 17 சதவீதம். அமெரிக்காவின் உச்சவரம்பு 3.4, நடைமுறை 3.3. அங்கே இரண்டும் ஒட்டிக்கிடப்பதால், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். 17-க்கும் 3.3-க்கும் வித்தியாசம் 5 மடங்கு. நம் வரி அதிகம்தான், மறுக்கவில்லை. அதற்காக 15 மடங்கு என்று ஊதுவதா?

இன்னொன்று: உச்சவரம்பு உயரமாக இருப்பது விதிமீறல் அல்ல, அதைத் தாண்டுவதுதான் மீறல். அந்தப் பட்டியல்கள் எல்லா நாடுகளும் பேரம் பேசி ஒப்புக்கொண்டவை. 2025 ஆகஸ்டில் அவசரநிலைச் சட்டத்தைக் காட்டி இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது கூடுதலாக 50 சதவீதம் போட்டது யார்? 3.4 என்று எழுதிக்கொடுத்த நாடு!

நம்பிக்கை: அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் வரி சொற்பம்.

உண்மை: ஒதுக்கீட்டு அளவைத் தாண்டி வரும் தோல் நீக்கிய நிலக்கடலைக்கு அங்கே 131.8 சதவீதம். சில புகையிலை வகைகளுக்கு 350.

நம்பிக்கை: நமக்கு எல்லாப் பொருளிலும் உச்சவரம்பு உயரம்.

உண்மை: சோயா எண்ணெய்க்கு 45தான். தொலைபேசிக் கருவிகள் பலவற்றுக்குப் பூஜ்யம். அதில் வரி போட்டதால்தான் 2023-ல் உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புக் குழு நமக்கு எதிராகச் சொன்னது.

நம்பிக்கை: கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

உண்மை: பூஜ்யத்தில் கட்டுண்டிருந்த கொழுப்பு நீக்கிய பால்பவுடர் வரம்பை 1999-2000-ல் மறுபடி பேசி 60 சதவீதமாக்கினோம். பதிலுக்கு 10,000 டன்னுக்கு 15 சதவீதச் சலுகை கொடுத்தோம்.

நம்மைக் குறை சொல்வதென்றால் சரியான இடத்தில் சொல்லுங்கள். உச்சவரம்புக்கும் நடைமுறைக்கும் நடுவே கிடக்கும் அந்தப் பெரிய இடைவெளிதான் குறை. கச்சா பாமாயிலுக்கு வரம்பு 300 சதவீதம். அடிப்படைச் சுங்க வரி 2024 செப்டம்பர் 13 வரை பூஜ்யம், மறுநாள் 20, 2025 மே 31-ல் 10. ஓர் அறிவிக்கை போதும், ஒரே இரவில் மாறிவிடும். கப்பல் கடலில் இருக்கும்போதே இறக்குமதியாளரின் கணக்கு கவிழும். இங்கே கடலையும் எள்ளும் போட்ட விவசாயியின் விலையும் கூடவே ஆடும்.

டெல்லிக்கு ஒரே வேண்டுகோள்: 300-க்குள் எந்த எண்ணை வேண்டுமானாலும் வையுங்கள். விதைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அறுவடை முடியும்வரை அதில் கை வைக்காதீர்கள்.