மீனும் காய்கறியும் ஒரே தட்டில்

விலக்கத்தக்கது இது, விலக்கலாகாதது இது எனப் பகுத்தறியாது, தீயதோடு நல்லதையும் சேர்த்துக் களைந்துவிடுதல் நம் இல்லங்களில் பெரும்பாலும் நிகழும் பிழையாம். எம் நண்பரொருவரின் தந்தையார் இதய நோயுற்றபோது, பொரித்த மீனை விட்டுவிடும்படி மருத்துவர் பணித்தார். இல்லத்தாரோ மீனையே விட்டனர். மருத்துவர் விலக்கியது மீனையன்று, எண்ணெயிற் பொரித்தலையே என்பது ஓராண்டிற்குப் பின்னரே அவர்கட்கு விளங்கிற்று. அதன்பின் அவ்வில்லத்தார் கைக்கொண்ட சமையல் முறையே ஈண்டு விளக்கப்படுகின்றது.

மீனிலுள்ள புரதம் எளிதிற் செரிக்கும். மத்தி, கானாங்கெளுத்தி முதலிய மீன்களில் ஒமேகா-3 என்னும் நற்கொழுப்பு மிகுந்துள்ளது. வாரத்திற்கு இருமுறை, பொரிக்காத மீனை உண்ணுதல் நன்றென அமெரிக்க இதயச் சங்கம் கூறுகின்றது. கொதிக்கும் எண்ணெயில் மீனை இடுங்கால், மீனின் கொழுப்பில் ஒரு பகுதி வெளியேற, எண்ணெய் உள்ளே புகுகின்றது. ஓவனில் வேகவைப்பின் இவ்விழப்பு மிகக் குறைவு. நம் குழம்பும் இவ்வகையில் நன்றே. சத்து இறங்கிய நீரையும் நாம் சோற்றோடு உண்கிறோமல்லவா?

இனி, வேகும் இயல்பை நோக்குவோம். மீனின் தசையை இணைக்கும் நார்ப்பொருள் சிறிதே. ஆதலின் உட்புறம் 63 டிகிரி செண்டிகிரேடு வெப்பமுற்ற அளவிலே அது வெந்துவிடும். உருளைக்கிழங்கு, காரட் முதலியனவோ அத்தகையன அல்ல. அவற்றின் உயிரணுச் சுவர்களைப் பிணைக்கும் பெக்டின் இளகுதற்கு ஏறக்குறைய 85 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் நெடுநேரம் வேண்டும். இரண்டையும் ஒருங்கே இட்டால், கிழங்கு வேகுமுன் மீன் உலர்ந்து சக்கையாகும். காய் முன்னும் மீன் பின்னும் செல்ல வேண்டுமென்பதே இச்சமையலின் முதல் விதி.

நால்வர்க்கு வேண்டுவன: ஓரங்குலக் கனமுள்ள கொடுவா மீன் துண்டுகள் 600 கிராம், உருளைக்கிழங்கு 2, காரட் 2, தக்காளி 2, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி, பூண்டு, மிளகுத்தூள், மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சம்பழம் ஒன்று. கிழங்கையும் காரட்டையும் அரை அங்குலத் துண்டுகளாக்கி, வெங்காயத்தோடு பாதி எண்ணெயும் உப்பும் சேர்த்துத் தட்டிற் பரப்பி, 200 டிகிரி வெப்பமேறிய ஓவனில் 25 நிமிடம் வைக்க. இதற்குள் மிளகு, மஞ்சள், நசுக்கிய பூண்டு, உப்பு, எஞ்சிய எண்ணெய் ஆகியவற்றை மீனிற் பூசுக. பின்னர்த் தக்காளியையும் மீனையும் காய்களின்மேல் அடுக்கி, மேலும் 12 முதல் 15 நிமிடம் வேகவிடுக. முள்ளாற் கிளறின் மீன் இதழிதழாகப் பிரியுமாயின் வெந்தது என அறிக. எலுமிச்சைச் சாற்றை இறக்கியபின் பிழிக.

ஓவன் இல்லாதார் மனந்தளர வேண்டா. மசாலா பூசிய மத்தியை வாட்டிய வாழையிலையிற் பொதிந்து, தோசைக்கல்லின்மேல் மூடியிட்டுச் சிறுதீயில் இருபுறமும் வேகவைத்துக் காய்கறிக் கூட்டோடு உண்ணலாம். விலைமிக்க மீனே சத்துள்ளது என்பது தவறு. எளியோர் உண்ணும் மத்தி ஒமேகா-3 அளவில் விலையுயர்ந்த பல மீன்களை விஞ்சும்.

எச்சரிக்கை ஒன்றுண்டு. மத்தி, சூரை, கானாங்கெளுத்தி முதலியவற்றைப் பனிக்கட்டியின்றி வெப்பத்தில் வைத்திருந்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் தோன்றும். எவ்வளவு வேகவைப்பினும் அது அழியாது. ஆதலின் செவுள் சிவந்து, கண் தெளிந்து, தசை விறைப்பாயுள்ள மீனையே வாங்குக. வாங்கியதை விரைந்து குளிர்விக்க.

நண்பரின் தந்தையார் இன்று தம் மனையாரோடும் மக்களோடும் அமர்ந்து, அவர்கள் உண்பதையே தாமும் உண்கின்றார். நோயாளிக்கெனத் தனியே ஓர் இலை இடவேண்டாத நிலை அவ்வில்லத்திற்கு எத்துணை ஆறுதல்! மாணவ நண்பர்காள், விடுமுறையில் இல்லம் செல்லுங்கால் ஒருநாள் இதனை நும் கையாற் சமைத்துப் பெற்றோர்க்குப் படைப்பீராக.