இரண்டு தோட்டாக் கூடுகள்

சங்கத் தோழர்களே, சென்ற ஆண்டு என் மிதிவண்டி களவு போயிற்று. விடுதி வாயிலில் பூட்டி வைத்ததைப் பூட்டோடு கொண்டுபோய்விட்டார்கள். காவல் நிலையம் சென்று, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்தவர் பொறுமையாகவே கேட்டு, ஒரு தாளில் இந்தியில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இந்தி எழுத்தைக் கூட்டிப் படிப்பேன். ஆனால் அச்சு எழுத்து வேறு, காவலர் கையெழுத்து வேறு. அதில் என்ன எழுதியிருந்தது என்று அன்று எனக்குத் தெரியாது.

என் அறைத்தோழர் சட்டம் பயில்கிறார். விவரத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, "இப்படிப் போட்ட ஒரு கையெழுத்தால் இந்தத் தில்லியில் பெரிய கொலை வழக்கு ஒன்றே ஆட்டம் கண்டது, தெரியுமா?" என்றார். அவர் குறிப்பிட்டது ஜெசிகா லால் வழக்கு. நான் பிறப்பதற்கு முன் நடந்த கொலை அது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு திரைப்படத்தின் பெயர்தான். பிறகு தீர்ப்புகளைத் தேடி எடுத்து, விடுமுறை நாட்களில் படித்தேன். படிக்கத் தொடங்கும்போது இருந்த எண்ணம் முடிக்கும்போது இல்லை. அதனால் இக்கட்டுரை.

நிகழ்ச்சி சுருக்கமானது. 1999 ஏப்ரல் 29-ஆம் நாள் இரவு, மெஹ்ரௌலியில் குதுப் மினாருக்கு அருகில் ஒரு விருந்து நடந்தது. ஜெசிகா லால் என்ற விளம்பர நடிகை அங்கே மது பரிமாறும் பொறுப்பில் இருந்தார். நள்ளிரவு கடந்து, ஏறக்குறைய இரண்டு மணிக்கு, ஓர் இளைஞர் மது கேட்டார். நேரம் முடிந்துவிட்டது என்று மறுக்கப்பட்டது. அந்த இளைஞர் துப்பாக்கியை எடுத்துக் கூரையை நோக்கி ஒரு முறையும், அப்பெண்ணை நோக்கி ஒரு முறையும் சுட்டார் என்பது வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட மனு சர்மா அரியானா அரசியலில் செல்வாக்குள்ள ஒருவரின் மகன். மே 6-ஆம் நாள் அவர் சரணடைந்தார்.

நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய ஏழாண்டுகளுக்குப் பிறகு, 2006 பிப்ரவரி 21-ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் செஷன்ஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது. நாடு கொதித்தது. ஜெசிகாவை எவரும் கொல்லவில்லை என்று ஓர் ஆங்கில நாளேடு முதற்பக்கத்தில் கசப்போடு தலைப்பிட்டது. பின்னாளில் வந்த படத்திற்கும் அதுவே பெயராயிற்று. இந்தியா கேட்டில் இளைஞர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். போலீசாரும் அரசாங்க வக்கீல்களும் பணக்காரனுக்கு விலைபோய்விட்டார்கள் என்பதே எங்கும் பேச்சு.

நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். ஆனால் ஐயம் என்பது அறிவியல் மாணவனுக்கு வெறும் கோபம் ஆகாது. எந்த இடத்தில் ஐயம், எவ்வளவு ஐயம் என்று அவன் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்தக் கையெழுத்து. கொலையை நேரில் கண்ட முதன்மைச் சாட்சி ஓர் இளம் நடிகர். அவர் கொடுத்த வாக்குமூலமே முதல் தகவல் அறிக்கைக்கு அடிப்படை. அது இந்தியில் எழுதப்பட்டு, அவர் கையொப்பமும் பெற்றது. நீதிமன்றத்தில் ஏறியதும் அவர், தமக்கு இந்தி தெரியாது என்றும், தாம் ஆங்கிலத்தில் சொன்னதைப் போலீசார் இந்தியில் எழுதிக்கொண்டார்கள் என்றும் சொன்னார். அங்கே இரண்டு பேர் இருந்தார்கள், கூரையை நோக்கிச் சுட்டவர் ஒருவர், பெண்ணைச் சுட்டவர் வேறொருவர் என்றும் சொன்னார். வழக்கின் தூண் சாய்ந்தது.

இந்திப் படத்தில் நடித்தவருக்கா இந்தி தெரியாது என்று ஊரே நகைத்தது. தில்லி உயர் நீதிமன்றமும் பின்னர் அவரை நம்பவில்லை. அது சரியே என்று நானும் கருதுகிறேன். ஆயினும் தோழர்களே, நம் போன்றவர்கள் அந்த நகைப்பில் முழுமனத்தோடு கலந்துகொள்ள முடியுமா? தெரியாத எழுத்தின்கீழ் கையொப்பமிட்டவன் நான். சொன்ன மொழி ஒன்று, எழுதிய மொழி ஒன்று என்றிருக்கும் இடத்தில், பொய் சொல்பவனுக்கு ஒரு வாயில் திறந்தே கிடக்கிறது. மெய் சொல்பவனுக்கோ தன் மெய்யைக் காட்ட வழியில்லை. சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் அன்றே எழுதியிருந்தால், ஏழாண்டு கழித்து இந்தக் கேள்வியே எழுந்திராது.

இனி நம் ஆய்வுக்கூடத்திற்கு உரிய பகுதிக்கு வருவோம். கொலை நடந்த இடத்தில் .22 அளவுள்ள இரண்டு வெற்றுத் தோட்டாக் கூடுகள் கிடைத்தன. சுட்ட துப்பாக்கி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டு கூடுகளும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்பதே கேள்வி.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? விசையை இழுத்ததும் துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடிப்பகுதியில் குத்துகிறது. .22 வகையில் தோட்டாவின் விளிம்பில் குத்தும். அந்தக் குத்து அங்கே ஒரு வடுவை விட்டுச் செல்கிறது. வெடிப்பின் வேகத்தில் கூடு பின்னோக்கி மோதும்போது, பின்பக்க இரும்பின் நுண்ணிய கீறல்களும் அதில் பதிகின்றன. இரண்டு கூடுகளையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியின் இரண்டு மேடைகளில் வைத்து, ஒரே பார்வையில் பக்கம் பக்கமாகக் காண்பார்கள். 1920-களிலிருந்து வழங்கிவரும் முறை இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதை விளங்கிக்கொண்டால் பாதி வழக்கு விளங்கிவிடும். ஒரே துப்பாக்கியால் பத்து முறை சுட்டாலும் பத்து வடுவும் அச்சடித்தாற்போல் இரா. சிறு வேறுபாடுகள் இருக்கும். அந்த வேறுபாட்டின் எல்லை என்ன என்று தெரிய வேண்டுமானால், அதே துப்பாக்கியால் சோதனைக்காகச் சுட்டுப் பார்க்க வேண்டும். துப்பாக்கி கையில் இல்லை என்றால், இரண்டு வடுக்களுக்கு இடையே காணும் வேறுபாடு இரண்டு துப்பாக்கிகளால் வந்ததா, ஒரே துப்பாக்கியின் இயல்பான தடுமாற்றமா என்று உறுதிகூறுவது கடினம். கருவியின் பிழை எவ்வளவு என்று அளக்காமல், இரு அளவீடுகள் மாறுபடுகின்றன என்று எழுதினால் நம் ஆசிரியர் குறிப்பேட்டை முகத்தில் எறிவார் அல்லவா?

இராசத்தானத்து அரசு ஆய்வுக்கூடத்தின் வல்லுநர் தம் எழுத்து அறிக்கையில், துப்பாக்கியைக் காணாமல் திட்டமான கருத்துச் சொல்ல இயலாது என்றே எழுதினார். ஆனால் நீதிமன்றத்தில் கேட்டபோது, இரண்டும் வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து சுடப்பட்டவையாகத் தோன்றுகின்றன என்றார். 'தோன்றுகின்றன' என்ற அந்த ஒரு சொல்லின்மேல் இரண்டு துப்பாக்கி, இரண்டு ஆள் என்ற மாளிகை எழுந்தது. முன்னே சொன்ன நடிகரின் சாட்சியமும் அதற்கு முட்டுக்கொடுத்தது. துப்பாக்கியைப் போலீசார் கைப்பற்றவில்லை, கூடுகள் ஒரே ஆயுதத்தில் சுடப்பட்டவை என்று மெய்ப்பிக்கவில்லை என்று செஷன்ஸ் நீதிபதி குறை கூறினார். அந்த நீதிபதியின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நாம் நாள்தோறும் கேட்கும் கேள்வியே. இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின.

கொலை நடந்த இடத்தைக் காத்த அழகு வேறு கதை. குற்றவாளிகளுடையதெனச் சொல்லப்பட்ட டாட்டா சஃபாரி வண்டி, காவல் போடப்பட்ட பின்பும் அங்கிருந்து ஓட்டிச் செல்லப்பட்டது. ஊர்க்காவல் படையைச் சேர்ந்த எளிய மனிதர் ஒருவர் தடுக்க முயன்று தடியால் அடித்ததும் பதிவாகியிருக்கிறது. அன்றிரவு தம் கடமையை உணர்ந்து நடந்தவர் என்று எனக்குத் தோன்றியவர் அவர். வண்டி சில நாள் கழித்து நொய்டாவில் கிடைத்தது.

இத்தனை ஓட்டைகளைக் கண்டபின் போலீசாரை நம்பவேண்டாம் என்று மக்கள் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் மக்களுக்கு முன்பே சட்டம் அதைச் சொல்லிவிட்டது! போலீசாரிடம் ஒருவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதை அவனுக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1861-ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டமும், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவும் விதித்தன. அடித்து வாங்குவார்கள் என்ற அச்சமே காரணம். 2024 சூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அதுபோலவே, விசாரணையில் சாட்சி போலீசாரிடம் சொல்வதில் அவர் கையெழுத்து வாங்கக் கூடாது. அது தனியே சான்றாகவும் நில்லாது. சாட்சி பின்னால் மாற்றிப் பேசினால் முரணைச் சுட்டிக்காட்டவே பெரும்பாலும் பயன்படும்.

ஏழை எளியவரைத் தடியடியிலிருந்து காக்க எழுந்த வேலி இது. செல்வாக்குள்ளவனோ அதே வேலிக்குள் புகுந்து நிழல் காய்கிறான். சாட்சி ஒருவரை அச்சுறுத்தியோ பணம் கொடுத்தோ வாயை மாற்றிவிட்டால், பழைய வாக்குமூலம் காகிதமாகிவிடுகிறது. 2006-இல் சாட்சிகள் சிலரை இரகசியக் காமிராவால் படம்பிடித்து ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பியதும் இந்தப் பிறழ்ச்சியைப் பற்றியே. சாட்சிகளைக் காக்கும் திட்டம் ஒன்றை நாடு முழுமைக்கும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 2018 டிசம்பர் ஆயிற்று. வேலியை எடுத்துவிடலாமா என்று அறைத்தோழரைக் கேட்டேன். "உம் மிதிவண்டியைத் திருடியதாக நாளை உம்மையே பிடித்து ஒப்புக்கொள்ளச் சொன்னால் தெரியும்" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை.

மேல் முறையீட்டில் தில்லி உயர் நீதிமன்றம், கீழே பதிவான சாட்சியங்களையே மீண்டும் நிறுத்துப் பார்த்தது. சுட்ட ஓசையை அடுத்து மனு சர்மாவைத் தடுத்து நிறுத்தித் துப்பாக்கியைக் கேட்ட பெண்மணியின் சாட்சியம் உறுதியாக நின்றது. அவரைக் கண்ட வேறு சிலரும் இருந்தார்கள். அவர் பெயரில் உரிமம் பெற்ற .22 துப்பாக்கி இருந்தது. அதை அவர் காட்டவில்லை. நொய்டாவில் கிடைத்த வண்டியில் அதே அளவுள்ள தோட்டா ஒன்று இருந்தது. இரண்டு துப்பாக்கிக் கதை இவற்றின்முன் நிற்கவில்லை. 2006 டிசம்பர் 18-ஆம் நாள் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. இரண்டு நாள் கழித்து ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 19-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் பவானியை அடுத்த சிற்றூரில் பிறந்த நம் நீதிபதி சதாசிவம். செய்தித்தாள்களே விசாரணை நடத்தும் போக்கை அத்தீர்ப்பு கண்டிக்கிறது. எப்படியாவது தண்டனை வாங்குவது அரசாங்க வக்கீலின் வேலையன்று என்றும் அது சொல்கிறது. மெழுகுவர்த்தி ஏந்தியவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்திருப்பார்களோ என்னவோ.

எனக்கு உறுத்துவது இதுதான். தண்டனை கிடைத்ததும் மக்களின் ஐயம் தீர்ந்துவிட்டது. வண்டி எப்படி வெளியே போயிற்று, வாக்குமூலம் ஏன் அந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விகளுக்கு ஊர்வலம் கிடையாது. நடிகர்மீதும் வல்லுநர்மீதும் பொய்ச் சாட்சி வழக்குத் தொடர 2013-இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கருத்துச் சொன்னதற்காக வல்லுநரைத் தண்டிக்க முடியாதென்று 2016-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 'தோன்றுகிறது' என்பவரைச் சிறைக்கு அனுப்பினால், அடுத்த வல்லுநர் போலீசார் விரும்புவதையே எழுதுவார் அன்றோ! மனு சர்மா 2020 சூனில் முன்கூட்டியே விடுதலையானார்.

நமக்கு உதவக்கூடிய ஒரு செய்தி. வாய்மொழியாகப் புகார் கொடுத்தால், எழுதியதைப் புகார் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றை விலையின்றித் தரவேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தில் 154-ஆம் பிரிவு, இப்போது 173. இதை அறிந்தபின் நான் மீண்டும் காவல் நிலையம் சென்று படி கேட்டேன். தடை சொல்லாமல் கொடுத்தார்கள். விடுதியில் இந்தி இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவர் படித்துக் காட்டினார். நாள், இடம், நேரம் எல்லாம் சரியாகவே இருந்தன. பச்சை நிற வண்டி கறுப்பு வண்டியாகியிருந்தது. சட்டத்தில் பொறித்த எண்ணில் ஓர் இலக்கம் தவறு. கீழே என் கையெழுத்து, அழகாக, தமிழில் இருந்தது.