கண்வழிக் கேள்வி

மாணவர்களே! ‘தக்க சமயத்தில் அவன் எனக்குக் கைகொடுத்தான்’ என்று ஒருவர் கூறின், அவர் பெற்றது உதவி என்பது உங்களுக்கு உடனே விளங்கும். ‘செய்தி கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்பாரை நோக்கி, ‘புளியைக் கரைத்தவர் யார்?’ என்று நீங்கள் வினவுவதில்லை. சொற்கள் நேராக உணர்த்தும் பொருள் ஒன்று. குறிப்பாக உணர்த்தும் பொருள் மற்றொன்று. இவ்வேறுபாட்டை உங்களுக்குக் கற்பித்தவர் யார்? பாட்டி கூறிய கதைகளும், திண்ணையிலும் கடைத்தெருவிலும் பெரியோர் தமக்குள் பேசிக்கொண்ட பேச்சுகளுமே கற்பித்தன. அவற்றுள் பல உங்களை நோக்கிச் சொல்லப்பட்டவையல்ல. தாமே உங்கள் செவியில் வந்து விழுந்தவை. அச்செவிவழி அடைபட்ட குழந்தைக்கு இக்குறிப்புப் பொருள் எவ்வாறு விளங்கும்?

யான் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி பயின்றாள். அவள் பிறவியிலேயே செவிப்புலன் குறைந்தவள். செவித்துணைக் கருவி அணிந்திருந்தாள். பேசுவோரின் இதழசைவையும் கூர்ந்து நோக்கிப் பொருள் உணர்வாள். அவளுடைய கையெழுத்து அச்சிட்டாற்போல் இருக்கும். ஒருமுறை தேர்வில், மரபுத்தொடர்களை வாக்கியத்தில் அமைத்தெழுதுமாறு வினா வந்தது. ‘கம்பி நீட்டுதல்’ என்பதற்கு அவள், ‘கொல்லர் இரும்பைக் காய்ச்சிக் கம்பி நீட்டினார்’ என்று எழுதியிருந்தாள். ‘கைகழுவுதல்’ என்பதற்கு, ‘தம்பி உண்டபின் கைகழுவினான்’ என்று எழுதியிருந்தாள். யான் இரண்டிற்கும் சிவப்பு மையால் சுழி இட்டேன். விடைத்தாளைப் பெற்ற சிறுமி என்னிடம் வந்து, ‘கொல்லர் கம்பி நீட்டமாட்டாரா, ஐயா?’ என்று தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள். அவ்வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை, உலகியலுக்கு மாறான செய்தியும் இல்லை. யான் விடை கூற இயலாது நின்றேன்.

அதே தாளில் உவமைத்தொடர்களை அவள் பிழையின்றி விளக்கியிருந்தாள். அதனைக் கண்டபின்னரே எனக்கு உண்மை புலனாயிற்று. தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்துவார். புலிபோலப் பாய்ந்தான் எனின் அது வினையுவமை. பவளம் போன்ற வாய் எனின் அது நிறத்தைக் குறிக்கும் உருவுவமை. பாய்ச்சலையும் நிறத்தையும் வடிவையும் கண் காணும். ஆதலின் அவ்வுவமைகள் அவளுக்கு எளிதில் விளங்கின. மரபுத்தொடரோ அத்தகையதன்று. ஓடி மறைவதற்கும் கம்பிக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் கண்டறிதல் இயலாது; பிறர் வழங்கக் கேட்டே அறிதல் வேண்டும். செவிகேட்கும் சிறுவரும் இளமையில் இத்தகைய தொடர்களை நேர்பொருளிலேயே கொள்வர்; பல இடங்களில் பலமுறை கேட்ட பின்னரே தெளிவர். அச்சிறுமிக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. அவளது அறிவில் யாதொரு குறையும் இல்லை. அவளை எட்டிய மொழியே குறைவாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் இரு மாணவரைக் கொண்டு ஒரு சிறு நாடகம் நடத்தினேன். ஒருவன் கடன் வாங்கினான். கடன் கொடுத்தவன் வருவதைக் கண்டதும் பின்வாயில் வழியே நழுவினான். ‘கடன் வாங்கியவன் கம்பி நீட்டினான்’ என்று கரும்பலகையில் எழுதினேன். சிறுமியின் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் கழித்து, வீட்டுப்பாடம் எழுதாத மாணவன் ஒருவன் யான் வருமுன்னரே வகுப்பைவிட்டு நழுவினான். அவள் தன் ஏட்டில், ‘அவன் கம்பி நீட்டிவிட்டான், ஐயா’ என்று எழுதி என்னிடம் காட்டினாள். விடைத்தாளில் யான் இட்ட சுழியை அன்றே அடித்து முழு மதிப்பெண் இட்டேன்.

உரிய வழியில் மொழி எட்டுமாயின் குறிப்புப் பொருளும் விளங்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் 1880-ஆம் ஆண்டு பிறந்த ஹெலன் கெல்லர், பத்தொன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போது நோயுற்றுக் கண்ணொளியையும் செவிப்புலனையும் ஒருங்கே இழந்தார். 1887-ஆம் ஆண்டு ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை வந்து, அச்சிறுமியின் உள்ளங்கையில் விரற்குறிகளால் எழுத்துகளை உணர்த்தி மொழி கற்பித்தார். ‘அன்பு’ என்னும் சொல் வந்தபோது சிறுமி மயங்கினார். பூவின் மணமோ, கதிரவனின் வெப்பமோ என்று வினவினார். பின்னர் ஆசிரியை மேகத்தை உவமையாக எடுத்துக்கொண்டார். மேகத்தைத் தொடுதல் இயலாது. ஆயினும் அது பொழியும் மழையை உணரலாம். வறண்ட நிலமும் மலர்களும் அதனால் மகிழ்வதை அறியலாம். அன்பும் அத்தகையதே என்று விளக்கினார். சிறுமிக்குப் பொருள் விளங்கிற்று. இந்நிகழ்ச்சியை 1903-ஆம் ஆண்டு வெளிவந்த தம் வரலாற்று நூலில் ஹெலன் கெல்லரே எழுதியுள்ளார்.

செவிகேளாதோர் வழங்கும் சைகைமொழியும் இலக்கணம் உடைய மொழியே. அமெரிக்கச் சைகைமொழியின் அமைப்பை ஆராய்ந்து 1960-ஆம் ஆண்டு வில்லியம் ஸ்டோக்கோ என்பார் இதனை நிறுவினார். அம்மொழியில் ‘கற்றல்’ என்பதை உணர்த்த, ஓர் உள்ளங்கையை ஏடுபோல் விரித்து, அதிலிருந்து மறுகையால் ஒன்றை எடுத்து நெற்றியருகே கொண்டுசெல்வர். இஃது உருவகமன்றோ? சைகைமொழி வழங்கும் பெற்றோர்க்குப் பிறந்த செவிகேளாக் குழந்தைகள் மழலைப் பருவத்திலேயே அம்மொழியை இயல்பாகக் கற்கின்றனர். ஆயினும் செவிகேளாக் குழந்தைகளுள் பெரும்பாலோர் செவிகேட்கும் பெற்றோர்க்கே பிறக்கின்றனர். அவர்களுள் பலருக்கு எம்மொழியும் உரிய காலத்தில் முழுமையாக எட்டுவதில்லை. இடர் ஈண்டே தோன்றுகிறது.

இக்காலத்தில் பிறந்த சில நாள்களிலேயே குழந்தையின் செவிப்புலனைச் சோதித்தறியலாம். செவித்துணைக் கருவி போதாத குழந்தைகட்கு, உட்செவியில் காக்ளியர் கருவியை அறுவை மருத்துவத்தால் பொருத்துகின்றனர். ஆயினும் கருவி ஒலியைத் தருமேயன்றி மொழியைத் தாராது. மொழியைத் தருதல் சுற்றியிருக்கும் மக்களின் கடமையாகும்.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் அத்தகைய தோழர் ஒருவர் இருத்தல் கூடும். அவரிடம் முகம் நோக்கிப் பேசுங்கள். நீங்கள் அனைவரும் நகைக்கும்போது, நகைப்பின் காரணத்தை அவருக்கும் எழுதிக் காட்டுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்று கையசைத்து விலக்காதீர்கள். அவர் ஒரு தொடரை நேர்பொருளில் கொள்ளின் எள்ளாது, அத்தொடர் வழங்கும் இடத்தை நடித்துக் காட்டுங்கள். திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். செவியால் கேட்க இயலாதவர்க்குக் கண்வழியாக அக்கேள்விச் செல்வத்தை வழங்குதல் நம் கடனாகும்.