சௌந்தரம் அம்மையார்: தொண்டும் பதவியும்

பதவியினால் ஒருவர்க்குப் பெருமை உண்டாகின்றதா, அன்றி ஒருவரால் பதவிக்குப் பெருமை உண்டாகின்றதா என்பது பழைய வினாவேயாயினும், கல்லூரியை விட்டு உலகிற் புகவிருக்கும் நாம் மீண்டும் மீண்டும் எண்ணத்தக்கது. அதனை நம் மதுரை நாட்டில் வாழ்ந்த ஒரு பெருமாட்டியின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். அவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் இராமச்சந்திரன் அம்மையார் ஆவர்.

அம்மையார் 1904ஆம் ஆண்டு திருநெல்வேலியிற் பிறந்தவர். மதுரையில் மோட்டார்த் தொழிலை வளர்த்துப் புகழ்பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்கார் இவர் தந்தையார். அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணஞ்செய்விக்கப்பெற்று, இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண் ஒருத்திக்கு வீட்டின் மூலையன்றி வேறிடம் கொடாத காலம் அது. எனினும் பெற்றோர் ஊக்கியமையால் அவர் மீண்டும் கல்வியிற் புகுந்தார். டில்லி லேடி ஹார்டிங் வைத்தியக் கல்லூரியிற் பயின்று, 1936ஆம் ஆண்டில், தம் முப்பத்திரண்டாம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்விக்குரிய பருவம் கடந்ததென்று சோர்வுறுவார்க்கு இஃது ஒரு நல்விடையாகும்.

டில்லியிற் பயிலுங்காலத்தே காந்தியடிகளின் தொடர்பு கிட்டிற்று. கேரள நாட்டினரும் காந்தியடிகளின் மாணாக்கருமாகிய ஜி. இராமச்சந்திரனை அம்மையார் மணக்க விரும்பினார். சாதியும் மொழியும் வேறாகிய இருவர், அவருள் ஒருவர் கைம்பெண், எதிர்ப்புக்குக் குறைவில்லை. ஓராண்டு பிரிந்திருந்தும் உள்ளம் மாறாதாயின் மணந்துகொள்க என அடிகள் பணித்தார். அவ்வாறே காத்திருந்து, 1940இல் அடிகளின் முன்னிலையில் மணம் புரிந்தனர்.

கஸ்தூரிபா அம்மையாரின் நினைவாகத் தோன்றிய அறநிதியின் தென்னாட்டுப் பணி பின்னர்ச் சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. செல்வக்குடியிற் பிறந்த அவர் நகரில் வைத்தியம் நடத்திப் பொருளீட்டியிருக்கலாம். ஆயின், நெசவாளர் நிறைந்த சின்னாளபட்டியில் சிறியதொரு வைத்தியசாலையைத் தொடங்கினார். 1947ஆம் ஆண்டில், அவ்வூரை அடுத்துச் சிறுமலையின் அடிவாரத்தே, காந்திகிராமம் கணவன் மனைவியர் இருவராலும் நிறுவப்பெற்றது. வைத்தியம், ஆதாரக் கல்வி, கதர், ஆதரவற்றோர் பாதுகாப்பு எனப் பணிகள் கிளைத்தன. 1956இல் எழுந்த கிராமியக் கல்வி நிலையம் 1976இல் பல்கலைக்கழகத் தகுதி எய்தியது.

இத்தொண்டின் பின்னரே பதவி வந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். 1952, 1957 ஆகிய இரு தேர்தல்களிலும் அம்மையார் சென்னைச் சட்டசபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். 1962இல் திண்டுக்கல் தொகுதியினின்று பார்லிமெண்டு புகுந்து, மத்திய அரசில் கல்வித் துணையமைச்சராய் விளங்கினார். பத்மபூஷண் விருதும் அவ்வாண்டே கிடைத்தது.

அவர் ஏற்ற துறை எளிதன்று. பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகட்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுள் அளிக்க முயல வேண்டுமென 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியற்சட்டம் வகுத்திருந்தது. அவர் பதவியேற்றபோது அக்கெடு கடந்தும் குறிக்கோள் நிறைவேறவில்லை. அதனை அடிப்படை உரிமையாக்கிய சட்டத்திருத்தம் 2002இலும், செயற்படுத்துஞ் சட்டம் 2009இலுமே தோன்றின. ஓர் அமைச்சரின் நல்லெண்ணம் மட்டும் ஒரு நாட்டின் பள்ளிகளை நிரப்பிவிடாது என்பது இதனாற் போதரும்.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகமெங்கும் வீசிய அரசியற் காற்றில் அம்மையாரும் தோல்வியுற்றார். பதவியையே வாழ்வாகக் கொண்டவர்க்கு அஃது ஓர் முடிவாகும். அவர்க்கோ காந்திகிராமம் இருந்தது. 1984இல் மறையுங்காறும் அத்தொண்டு அவரை விட்டு நீங்கவில்லை.

பதவி வீணென்று நாம் கூற வந்தோமல்லோம். சட்டமின்றித் தொண்டு நாடெங்கும் பரவாது. தொண்டின்றிச் சட்டம் ஏட்டில் உறங்கும். இரண்டினையும் அறிந்தவர் இவ்வம்மையார். ஆயினும் எது முன்னர், எது பின்னர் என்பதை அவர் வாழ்க்கை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது. அமைச்சர் பதவி ஐந்தாண்டில் முடிந்தது. சின்னாளபட்டியில் அவர் தொடங்கிய வைத்தியசாலையோ இன்று பெரியதொரு மருத்துவமனையாய் வளர்ந்து நிற்கின்றது. மதுரையினின்று திண்டுக்கல்லுக்குச் செல்லும் நம் மாணவர் ஒருமுறை அங்கு இறங்கிக் காண்பாராக.