பலகையிலிருந்து தொடங்கு

காஜாங்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். பல்கலைக்கழக விடுமுறையில் எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, பெரியவர்களுக்கு எழுத்தும் இங்கிலீசும் சொல்லித் தருகிறேன் என்றாய். தாராளமாக வா. "என்ன புத்தகம் வாங்கணும் அத்தை?" என்று வாட்சாப்பில் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் கடிதம்.

புத்தகம் எதுவும் வாங்காதே. நான் வாங்கிக் கெட்டவள். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தெம்பில், முதல் நாளே ஆப்பிள் படம் போட்ட பாலர் புத்தகத்தை ஓர் அம்மா முன்னால் வைத்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எம் பேத்திகிட்ட இருக்கு டீச்சர்" என்றார். அடுத்த வாரம் அவர் நாற்காலி காலி.

வீடு தேடிப் போய்த்தான் திரும்ப அழைத்து வந்தேன். செமினிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1923 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டியிருந்தது. அவர் தோட்டத்திலும் பள்ளி இருந்தது. ஆனால் வீட்டில் கைப்பிள்ளை இருந்ததால் அக்காக்காரியான இவர் வாசலோடு நின்றுவிட்டார். தம்பிகள் படித்தார்கள். இந்தக் கதையை நீ வகுப்பில் பத்துப் பேரிடம் கேட்பாய், பெயர்தான் மாறும்.

பிள்ளைகளுக்கு ஏணி போட்டுக்கொடுக்க நம்மவர்கள் முன்வந்தார்கள். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் உனக்கே தெரியும், உன் அப்பா அதில் படித்தவன். 1961இல் அரசாங்கமும் முதியோர் வகுப்புகளைத் தொடங்கியது. ஆனாலும் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், அந்திக்கு வீடு வந்து உலை வைத்த பொம்பளைக்கு வகுப்பு நேரம் என்று எது இருந்திருக்கும், சொல்.

திரும்பி வந்த அன்று கேட்டேன்: "எதைப் படிக்கணும்னு ஆசைம்மா?" கைப்பையிலிருந்து மருந்து உறையை எடுத்து நீட்டினார். அதுதான் எனக்குப் பாடப்புத்தகம் ஆனது.

மருந்து உறையில் 'செபெலும் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' என்றால் சாப்பாட்டுக்குப் பின். மலாய் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பாசாரில் பேரம் பேசுவதை நீ கேட்க வேண்டும். வாயில் இருக்கும் சொல் கண்ணுக்குத்தான் பிடிபடவில்லை. இரண்டு சொல்லும் 'செ'யில் தொடங்கும், இரண்டிலும் ஏழேழு எழுத்து. பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. மூன்றாவது எழுத்தைப் பார்க்கச் சொன்னேன்: வயிறு தள்ளி நின்றால் 'பி', முன்; ஒற்றைக் குச்சி நின்றால் 'எல்', பின். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். வயிறு தள்ளினால் வெறும் வயிறு என்று அவரே ஒரு கணக்கும் வைத்துக்கொண்டார்.

இங்கேதான் காஜாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. ரூமியில், அதாவது இங்கிலீசு எழுத்தில், எழுதும் மலாய் ஏறக்குறைய எழுதியபடி ஒலிக்கும். இங்கிலீசிலிருந்து வந்த சொற்களைக்கூட அது காதால் கேட்டபடி எழுதிவைத்திருக்கிறது. 'டெக்சி' பலகையைப் பார்: டி, இ, கே, எஸ், ஐ. எழுத்துக்கு ஓர் ஒலி. போலிஸ், கிளினிக், பாஸ், கவுண்டர் எல்லாம் அப்படித்தான். ரோட்டோரப் பலகைகளை முடித்துவிட்டு, கீழே அதே சொல்லை இங்கிலீசில் எழுது: டி, ஏ, எக்ஸ், ஐ. கே-யும் எஸ்-ஸும் செய்த வேலையை எக்ஸ் ஒன்றே செய்கிறது. "வெள்ளைக்காரனுக்கு சோம்பல் டீச்சர்" என்றார் ஒருவர். அந்த எக்ஸ் இனி அவருக்கு மறக்காது. இரண்டு இடத்தில் மட்டும் எச்சரிக்கை: 'இ' எழுத்துக்கு மலாயில் இரண்டு ஒலி உண்டு. 'ச்ச' ஒலிக்கு 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 'சி' மட்டும்தான், பின்னால் 'எச்' வராது.

பாவ்லோ ஃபிரெய்ரே பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பாய். 1963இல் பிரேசிலின் அஞ்சிக்கோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தார். அந்தந்த மக்கள் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்குவது அவர் வழி. செங்கல் அப்படி ஒரு சொல். மறு வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்து அவரைச் சிறையில் போட்டது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் என்ன ஆபத்து என்று நினைக்கிறாயா? சம்பள பில்லில் ஓவர்டைம் மணிக்கணக்கு சரியா என்று பார்க்கத் தெரிந்த ஒருவரை மேஸ்திரியிடம் அனுப்பிப் பார்.

தமிழ்தான் வேண்டும் என்பவர்களும் வருவார்கள். கோயிலில் தேவாரம் பார்த்துப் பாட வேண்டும், கல்யாணப் பத்திரிகையில் பேரன் பெயரைப் படிக்க வேண்டும். 247 எழுத்து என்று மிரட்டாதே. ட, ப, ம என்று தொடங்கு. 'அ'வின் வளைவு பிறகு வரட்டும். பால்மரம் வெட்டிய கை அது. பட்டையில் சாய்வாகக் கோடு இறக்கி, மரம் காயப்படாமல் மெல்லிசாகச் சீவிய கை. கோடு அதற்குப் புதிதில்லை. ஆனால் பென்சிலைக் கத்தி போல அழுத்துவார்கள், தாள் கிழியும். திட்டாதே. 2பி பென்சிலும் தடித்த தாளும் கொடு.

தமிழ்நாட்டின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தைப் பற்றி ச.தமிழ்ச்செல்வன் எழுதிய 'இருளும் ஒளியும்' என் அலமாரியில் இருக்கிறது, வந்ததும் எடுத்துக்கொள். 1991 வாக்கில் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் படித்தார்கள். நான் இங்கே அதைத்தான் வேறு விதமாகச் செய்கிறேன்: மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போய் டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் நிறுத்துகிறேன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

பழகாவிட்டால் படித்த எழுத்து போய்விடும். எந்த ஊர் எழுத்தறிவு இயக்கத்துக்கும் இதுதான் தலைவலி. தீபாவளிக்கு ஒரு மாதம் வகுப்பை நிறுத்தினேன், திரும்பி வந்தபோது பாதிப் பேர் பெயரில் ஓர் எழுத்தைத் தொலைத்திருந்தார்கள். இப்போது விடுமுறையிலும் தினம் ஒரு சொல்லைக் குரல்பதிவில் அனுப்புகிறேன். அவர்கள் எழுதிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த வேலையை உன்னிடம் தரப்போகிறேன்.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் மாறு. காஜாங் நிலையத்தில் காத்திருப்பேன். வரும் வழியில் வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்றரை பவரில் இரண்டு, இரண்டு பவரில் மூன்று வாங்கி வா, மலிவானது போதும். மூன்று மாதம் 'மண்டையில ஏறல டீச்சர்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், போன வாரம் என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு பலகையை விறுவிறுவென்று படித்தார். அதிலிருந்து என் கண்ணாடி என்னிடம் இல்லை. இந்தக் கடிதத்தையே கையை நீட்டி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்புடன்
அத்தை